ஐந்தாவது நட்டு

அண்ணன் நான்கு நட்டுகளைக் கழற்றித் தன் கைக்குட்டையின் மீது வரிசையாக வைத்திருந்தான். ஐந்தாவது நட்டுக்கு அவனிடமிருந்த எந்த ஸ்பேனரும் பொருந்தவில்லை.

பல்லடத்தைத் தாண்டிக் காங்கேயம் செல்லும் சாலையில், ஒரு சிறுபாலத்தை ஒட்டி வண்டி நின்றிருந்தது. முன்பக்க இடது சக்கரத்தின் ரப்பர் கிழிந்து, ஈரத்துணியைப் போலத் தாரின் மீது படிந்திருந்தது. எங்கிருந்தோ கோழிப்பண்ணையின் நெடி வந்து வந்து போயிற்று. லாரிகள் கடக்கும்போதெல்லாம் ஜாக்கியின் மேல் வண்டி சற்றே நடுங்கியது.

அப்பா சாலையோர வேம்பின் கீழ் நின்றார். அவர் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதைத் தரையில் வைக்கவும் அவர் ஒப்பவில்லை. என்னிடம் கொடுக்கவும் ஒப்பவில்லை. அதற்குள் இருந்தது அவருடைய தங்கைக்கான சேலை. அந்தத் தங்கை, என் ருக்குமணி அத்தை, காங்கேயத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், தன் வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். முந்தைய நாள் அவர் நெஞ்சு நின்றுபோயிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நூலகங்களையும் விடுதி அறைகளையும் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். கார்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. ஆயினும் அத்தையின் மரணத்தை அந்தச் சக்கரத்தை விலக்கிவிட்டுச் சொல்லும் வழி எனக்குப் புலப்படவில்லை.

பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் பக்கத்தில் மணமான பெண்ணொருத்தி இறந்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். அதைக் கோடி என்பார்கள். உடன்பிறந்தவன் அதை அவள் மீது போர்த்த வேண்டும். அதன் பிறகே உடலை எடுப்பார்கள். எவ்வளவு வசதியான வீடாக இருந்தாலும், எத்தனை மாலைகள் விழுந்திருந்தாலும், அந்தச் சேலை வரும்வரை ஊரார் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செய்தி வந்த அன்று அப்பா தாம் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். விடிந்ததும் அம்மா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான சித்தப்பாவின் குடும்பத்தோடு எங்கள் பெரிய காரில் ஏறிப் புறப்பட்டார். அப்பா வழக்கம்போலப் பட்டறைக்குப் போனார். லேத் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, அவர் ஓடாத ஒரு மெஷினின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் என்று அண்ணன் பிறகு சொன்னான்.

பட்டறையிலிருந்து வெகு சீக்கிரமே திரும்பி வந்து, "வண்டிய எடு" என்றார்.

வீட்டில் எஞ்சியிருந்தது அண்ணனின் வண்டி மட்டுமே.

வழியில் சூலூரில் ஒரு துணிக்கடையில் நிறுத்தச் சொன்னார். அப்பா சேலைக்கடைக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குக்கூட வெளியே வண்டியில்தான் இருப்பார். அன்று அவரே ஒவ்வொரு சேலையாக விரிக்கச் சொல்லிப் பார்த்தார். விற்பனைப் பெண் எதற்கென்று கேட்டபோது அவர் அடுத்த சேலையைக் கைகாட்டினார். நான் மெதுவாகச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பெண் விலையட்டையைத் தானாகவே கிழித்துவிட்டாள். அண்ணன் வெளியே பொறுமையிழந்து நின்றான். எனக்கோ அந்தத் தாமதம் தாமதமாகவே தோன்றவில்லை. அப்பாவின் விரல்கள் ஒரு கரையின் மீது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சம்பழங்கள்

அது ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் ஒருவர் சில காலம் ஓட்டிவிட்டு விற்றதை அண்ணன் வாங்கினான். இரண்டே கதவுகள். பின்னிருக்கை என்று ஒன்று இருந்தது. கல்லூரிப் பை ஒன்று அங்கே வசதியாக உட்காரலாம், மனிதர் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் உயரம்தான். நம் சாலைகளின் குழிகளுக்கு அது செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு வேகத்தடையையும் அண்ணன் கோணலாக, நண்டு நடப்பதுபோல ஏறி இறங்குவான்.

வாங்கிய புதிதில் வண்டியைக் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி சந்தனம் வைத்தார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. வண்டிச் சாவியையும், மாற்றுச் சாவியையும், அவற்றோடு ஒரே உறையில் வந்த மற்றச் சில்லறைச் சாமான்களையும் தட்டத்தில் போட்டு அம்மனின் காலடியில் வைத்து எடுத்தார்கள்.

ருக்குமணி அத்தையும் வந்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய ஒரே மகன் அவிநாசி சாலையில் பைக்கில் வேகமாகப் போய் இறந்திருந்தான். அதன் பிறகு அத்தை எந்த விசேஷத்துக்கும் முன்வரிசையில் நின்றதில்லை. அன்று பின்னால் நின்றவர், அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் ஏறும்போது முன்னே வந்துவிட்டார். வண்டியின் மூக்கில் கையை வைத்துக்கொண்டார்.

"வேகமாப் போற வண்டி நம்மூட்டுக்கு வேண்டாங்கண்ணா. வாங்குனது வாங்கியாச்சு, பூச முடிஞ்சுது. வித்துப்போடுங்க" என்றார்.

எல்லாரும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். அப்பாவின் முகம் இறுகிற்று. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அது கோபம் என்று மன்னித்திருக்கலாம்.

"உன்ற ஊட்டுல நடந்தது என்ற ஊட்டுலயும் நடக்கோணுமா?" என்றார்.

அத்தை வண்டியின் மீதிருந்த கையை எடுத்துக்கொண்டார். பொங்கல் இறக்குவதற்குள் தம் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வெளியே போய், வெள்ளக்கோவில் பேருந்தில் ஏறிவிட்டார். யாரும் போய் அழைக்கவில்லை. வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அதன் பிறகு அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை பொங்கலுக்கு அம்மாவுக்குத் தொலைபேசுவார். அப்பா அறையை விட்டு எழுந்துபோவார். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்கு அப்பாவுக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. இப்போது அவரிடம் ஒரு சேலை இருந்தது. அதைத் தம் கையால் போர்த்திவிட்டால் போதும் என்று அவர் நம்பினார் என நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை. அந்தப் பையை அவர் பிடித்திருந்த விதத்திலிருந்து எனக்குத் தோன்றியது.

ஸ்டெப்னி

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது ஏதோ ஓர் அயல்நாட்டு ஊரின் தெருப்பெயர் என்று எங்கோ படித்திருக்கிறேன். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அதுவும் இருப்பதில்லை. எடை கூடிவிடும் என்று ஒரு குப்பி நுரை மருந்தையும் சிறு காற்றடிப்பானையும் கொடுத்துவிடுகிறார்கள். ஆணி குத்தினால் நுரை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அடைக்காது. அண்ணன் அதற்காகவே மெனக்கெட்டு ஒரு ஸ்டெப்னி வாங்கிப் பின்னால் வைத்திருந்தான். மெலிந்த, கறுத்த சக்கரம் அது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் சைக்கிள் சக்கரத்தின் உறவினர் என்று சொல்லலாம்.

ஆகவே சிறுபாலத்தின் விளிம்பில் டயர் கிழிந்தபோது அண்ணன் பதறவில்லை. "ஸ்டெப்னி இருக்குதுங்கப்பா, இப்ப ஆயிரும்" என்றான்.

காற்றிறங்கிய வண்டியின் அடியில் ஜாக்கி நுழையவில்லை. பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் கிடந்த ஒரு பலகையை எடுத்துவந்து, சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, பிறகு ஜாக்கியை நுழைத்தான். வியர்வை அவன் சட்டை முதுகில் படர்ந்தது. மொபெட்டில் போன ஒரு பெரியவர் வேகத்தைக் குறைத்து, "ஏனுங் தம்பி, ஏரோப்ளேன் எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணன்கூடச் சிரித்தான்.

ஐந்தாவது நட்டைப் பார்த்த பிறகு அவன் சிரிக்கவில்லை.

மற்றவை அறுகோணம். இது வட்டம், அதன் தலையில் பூவிதழ் போன்ற பள்ளங்கள். விலையுயர்ந்த சக்கரங்களை யாரும் கழற்றிக்கொண்டு போய்விடாமல் இருக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் இப்படி ஒரு பூட்டு நட்டு. அதைத் திறக்க ஒரு சிறு இரும்புக் குமிழ் உண்டு. அதை ஸ்பேனரின் முனையில் பொருத்திக்கொள்ள வேண்டும். அண்ணன் டிக்கியைத் தேடினான். இருக்கைக்கு அடியில் தேடினான். காகிதங்கள் வைக்கும் அறையைக் கவிழ்த்துக் கொட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாவக் கேளு" என்றான்.

அம்மா தொலைபேசியை எடுத்தபோது பின்னணியில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அந்தக் குமிழை விவரிக்க வேண்டியிருந்தது. துக்க வீட்டில் இருப்பவரிடம் ஓர் இரும்புத் துண்டின் வடிவத்தை விவரிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"குட்டிக் கிண்ணியாட்ட ஒண்ணு, அதுவா கண்ணு? அது சாமி ரூம்புல இருக்குது" என்றார் அம்மா. "தட்டத்துல சாவிகூட இருந்துச்சல்லோ. அதும் சாவிதான்னு நெனச்சு வெச்சுபோட்டேன். வெள்ளிக்கெழம தவறாம பூ வெச்சுட்டு வாரேன்."

அம்மன் காலடியில் வைத்து எடுத்த சாமானை வண்டியில் செருப்புக்காலுக்கு நடுவே போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே வந்திருக்காது. அது சாமி அறையில், குங்குமம் துலங்க, மிகவும் பத்திரமாக இருந்தது. வீடு பூட்டியிருந்தது. அங்கே திரும்பிப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அம்மா குரலைத் தாழ்த்தினார். ராகு காலத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதாகச் சொன்னார். நம் வண்டியை அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் அப்பாவிடம் திரும்பிக் கேட்டேன்.

"வேண்டான்னு சொல்லு. எழவூட்டுல இருந்து வண்டி வந்து என்னையக் கூட்டிட்டுப் போகோணுமா?"

பேருந்துகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கரூருக்கும் திருச்சிக்கும் போகிற பேருந்துகள் எல்லாம் காங்கேயம் வழியேதான் போகும். நான் அதைச் சொன்னேன். தங்கை கணவரின் ஊரில் பேருந்தில் போய் இறங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அண்ணனோ ஒவ்வொரு பேருந்தும் கடக்கும்போது, "இப்ப ஆயிருமுங்கப்பா" என்றான்.

உளி

பல்லடத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த சலீம் பாய், அண்ணன் அழைத்ததும் கருவிப் பையோடு மொபெட்டில் வந்தார். ஒரு பழைய ஸ்பேனர் குழலை நட்டின் தலைமேல் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பிப் பார்த்தார். அது வழுக்கியது. வேறொன்றைப் போட்டார். அதுவும் வழுக்கியது. பள்ளங்களின் விளிம்பு மழுங்கிற்று.

"திருடனுக்குப் போட்ட பூட்டுங்க. ஊட்டுக்காரரத் தெருவுல நிறுத்திப்போட்டுது" என்றார். பிறகு அப்பாவின் கையிலிருந்த பையைக் கவனித்தார். அதன் பிறகு அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

பையிலிருந்து ஓர் உளியை எடுத்தார். "இத வெச்சு அடிச்சா வந்துருமுங்க. ஆனா வீலுல தழும்பு விழுந்துரும். அடிக்கட்டுங்களா தம்பி?"

அந்தச் சக்கரங்கள் பெங்களூரிலும் கிடைக்காதவை என்று அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறான். அவன் குனிந்து, உலோகத்தின் மீதிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தான். மெதுவாக, குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோலத் துடைத்தான்.

"வேற வழி ஏதாச்சும் பாருங்களேன் பாய்" என்றான்.

அண்ணனை நான் கொடியவன் என்று எழுதவில்லை. அத்தை அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இரவெல்லாம் அவன் தூங்கவில்லை. ஆயினும் அந்தக் கணத்தில் அவன் கண் சக்கரத்தின் மீது இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். மகனையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோயிலில் அத்தை கையை எடுத்துக்கொண்டபோது அப்பாவின் முகத்தில் வராத வெட்கம் ஒன்று அப்போது வந்தது.

தொலைவில் ஒரு பேருந்து தெரிந்தது. அப்பா வேம்பின் நிழலை விட்டுச் சாலைக்கு வந்து கையை நீட்டினார். நிறுத்தம் இல்லாத இடம். அவர் இன்னும் ஓர் அடி உள்ளே வந்து நின்றார். பேருந்து நின்றது.

"நீ சக்கரத்தப் பாத்துட்டு வா" என்றார் அண்ணனிடம். என்னிடம், "ஏறு அம்மணி" என்றார்.

பேருந்து

உட்கார இடமில்லை. அப்பா ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பையை மார்போடு அணைத்திருந்தார். பேருந்து குலுங்கியபோதெல்லாம் அவர் பையைத்தான் காத்தார்; அவர் தோள் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது.

எங்களுக்கு அருகே அமர்ந்திருந்த நடுவயதுப் பெண் பையையும் அப்பாவின் முகத்தையும் பார்த்தார். எழுந்து இடம் கொடுத்தார்.

"யாருங்க?" என்று மட்டும் கேட்டார்.

"என்ற தங்கச்சிங்க."

அந்தச் சொல்லை அப்பா சொல்லிக் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அம்மாவிடம் பேசும்போது அவர் 'காங்கேயத்துக்காரி' என்றுதான் சொல்வார். அந்தப் பெண் தம் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அப்பா குடித்தார். எனக்கும் கொடுக்கச் சொன்னார்.

காங்கேயம் நெருங்கியதும் களங்களில் காயும் தேங்காய்ப் பருப்பின் வாடை பேருந்துக்குள் நிறைந்தது. அங்கே இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் அத்தையின் வீட்டை விசாரிக்கத் தேவையில்லாமல் அறிந்திருந்தார். துக்கத்துக்கு வந்து திரும்புவோரை அப்போதுதான் இறக்கிவிட்டதாகச் சொன்னார். எடுத்துவிட்டார்கள் என்று அதிலிருந்தே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கழுவிய வாசல்

பெண்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாமந்தி இதழ்கள் தண்ணீரோடு தெருவுக்கு ஓடி வந்தன. கண்ணாடிப் பெட்டியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது வெறுமையாக இருந்தது.

அத்தையின் மகள் வித்யா எங்களைக் கண்டு வாசலுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். அவள் குறை சொல்லவில்லை. அதுதான் கேட்கக் கடினமாக இருந்தது.

"கோடி போட்டாச்சுங்க மாமா. அத்தை போட்டாங்க. ரொம்ப நேரம் பாத்தமுங்க. அதுக்கு மேல பெரியவங்க இருக்க உடலீங்க."

அவள் அத்தை என்றது என் அம்மாவை. அப்பா தலையசைத்தார். பிறகு, என்ன செய்வதென்று அறியாதவர்போல, பையை அவளிடம் நீட்டினார். வித்யா இரு கைகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் மீது தவறில்லை. இறந்தவருக்கென்று எடுத்த துணியை உயிரோடிருப்பவர் வாங்குவதில்லை. அதைத் திரும்ப வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. அந்தச் சேலைக்கு உலகத்தில் இருந்தது ஓர் உடல் மட்டுமே.

அப்பா திரும்பிச் சுடுகாட்டுத் தடத்தில் நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். தடம் வளையும் இடத்தில், கிளுவை வேலியருகே நின்றுவிட்டேன். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. புகை நேராக மேலே எழுந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை.

ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அத்தையின் கணவரான என் மாமா நடுவில், ஈரவேட்டியோடு, தரையைப் பார்த்து வந்தார். மகனுக்கும் அவரேதான் கொள்ளி வைத்திருந்தார். அப்பாவின் கால்களைக் கண்டு நிமிர்ந்தார். பையைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார்.

"இன்னும் எரியுதுங்க மச்சான்" என்றார். நடந்தார்.

அப்பா அவர்களுக்கு எதிர்த்திசையில், தனியாக, புகையை நோக்கிப் போனார். அங்கே என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் பை இல்லை. வலது கை மயிர் பொசுங்கியிருந்தது.

அவர் குளித்துவிட்டு வந்து, பந்தலடியில் ஆண்களின் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து அண்ணனின் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. உளியால் அடிக்கச் சொல்லிவிட்டான் போலும்; மூன்று அகன்ற சக்கரங்களும் ஒரு மெலிந்த சக்கரமுமாக அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரும் எழுந்து பார்க்கவில்லை.

அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு அப்பாவிடம் வந்தார். அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"கடைவீதிக்கு ஆளனுப்பி எடுத்துட்டு வரச் சொன்னமுங்க. உங்க பேரச் சொல்லித்தான் போட்டேன்."

அப்பா குடிக்கவில்லை. சொம்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கலரு?" என்று கேட்டார்.

அம்மா யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

"பாக்கலீங்க" என்றார். "கவர்ல இருந்து எடுத்து அப்படியே போட்டுப்போட்டேனுங்க."